தரைமேல் போர்க்களம், மேசைமேல் நிலவறை

1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்றொரு சிறு புத்தகம் வெளியிட்டார். செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பையும் காலப் பயணத்தையும் கதையாக்கிய அதே வெல்ஸ்தான். பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி இரண்டு பேர் போர் விளையாடுவதற்கான விதிகள் அதில் இருக்கின்றன. அவருடைய மலைகளும் வீடுகளும் காடுகளும் வீட்டில் கையில் அகப்பட்டவற்றால் ஆனவை. நூறாண்டு கழித்து, கற்பனைச் சாகச மேசை ஆட்டமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறவர்களும் அட்டைப்பெட்டியையும் நுரைப்பலகையையும் வெட்டி நிலவறைகள் கட்டுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது தோற்றம்தான். வெல்ஸின் ஊர் வெறும் கட்டைக் குவியல். இன்றைய நிலவறையில் கல்லின் வெடிப்பும் பாசியும்கூடத் தெரியும். கைத்திறன் வளர்ந்துவிட்டது என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதைக் கொண்டு சுவர் எழுப்புவது என்பதை அந்தந்த ஆட்டத்தின் விதியே தீர்மானித்திருக்கிறது.

வெல்ஸின் ஆட்டத்துக்கு உயிர்நாடி ஒரு பொம்மைப் பீரங்கி. பிரிட்டன்ஸ் நிறுவனம் செய்து விற்ற, வில்சுருள் வைத்த பீரங்கி அது. உள்ளே சிறு மர உருளையைப் போட்டு விசையைத் தட்டினால் அறையின் மறுபக்கம்வரை பாயும். அடிபட்டு விழுந்த சிப்பாய் செத்தான். அவ்வளவுதான் கணக்கு, பகடை கிடையாது. காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி, குதிரைப்படை 2 அடி நகரலாம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் வீடு என்பது அலங்காரமாக இருக்க முடியாது. அதன் பின்னால் நிற்கும் சிப்பாயை அது நிஜமாகவே மறைக்கிறது, பாய்ந்து வரும் உருளையை நிஜமாகவே தடுக்கிறது. தாளில் மடித்த வீடு ஒரே அடியில் சரிந்துவிடும். முதலில் வெல்ஸும் அவருடன் ஆடியவர்களும் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கம்பளத்தின் மேல் பரப்பி மேடு பள்ளம் உண்டாக்கினார்கள். அப்புறம் மரச் செங்கற்களும் பலகைகளும் வந்தன. சிறு கிளைகள் மரங்களாயின. ஆறு மட்டும் சாக்கட்டிக் கோடு, ஏனென்றால் அதன் மேல் எதுவும் மோதப்போவதில்லை.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை வீடுகளைப் பற்றிய இரண்டு குறிப்புகள். வீடு உள்ளீடற்ற கூடாக இருக்கக் கூடாது, செங்கற்களை நெருக்கி அடுக்கிய திண்மையான கட்டடமாக இருக்க வேண்டும் என்கிறார் வெல்ஸ். கூடாக இருந்தால் யாராவது சிப்பாயை உள்ளே வைப்பார்கள். அவன் சன்னலில் நிற்கிறானா, பின்சுவரை ஒட்டி நிற்கிறானா, குண்டு பட்டதா இல்லையா என்று குழப்பம் தொடங்கும். இரண்டாவது, வீட்டையும் பலகையையும் வைத்த இடத்தில் சுற்றிலும் சாக்கட்டியால் கோடு போட்டுவிட வேண்டும். பீரங்கி அடியிலோ ஆடுகிறவர் கால் பட்டோ நகர்ந்துவிட்டால் அதே இடத்தில் திருப்பி வைக்கலாம். இரண்டுமே சண்டையைத் தவிர்க்கப் பிறந்த விதிகள். பலமுறை ஆடி, பலமுறை வாக்குவாதப்பட்டவருக்குத்தான் இவை தோன்றும்.

இந்த மரபு அமெரிக்காவுக்கும் போனது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் மணல் மேசையில் இடைக்காலப் போர்கள் ஆடினார். 1971இல் ‘செயின்மெயில்’ விதிகள், 1974இல் டேவ் ஆர்னசனுடன் சேர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. பிற்பாடு வந்த ‘லிட்டில் வார்ஸ்’ மறுபதிப்பு ஒன்றுக்கு முன்னுரை எழுதியவரும் அவர்தான். அவருடைய ஆட்டத்தில் வரும் விநோத விலங்குகளான, இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைத் தலைக் கரடி ஆகியவை மலிவு விலைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உருவானவை. மலிவான பொருள் இங்கே விதியையே பெற்றெடுத்திருக்கிறது.

ஆனால் கைகாக்ஸின் ஆட்டத்தில் பீரங்கி இல்லை. அம்பு பாய்ந்ததா என்பதைப் பகடை சொல்லும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பாதி உடல் மறைந்து நிற்பவரின் தற்காப்பு எண்ணில் 2 கூடும், முக்கால் பங்கு மறைந்தால் 5. சுவரின் வேலை முழுவதும் இந்தக் கூட்டலில் முடிந்துவிடுகிறது. அடி தாங்க வேண்டிய கடமை போனதும் சுவருக்கு எடையும் தேவைப்படவில்லை. நுரைப்பலகை உள்ளே நுழைந்தது இந்த வழியாகத்தான்.

நம் ஊரில் தெர்மாகோல் என்கிறோமே, மணிமணியாக உதிரும் அந்த வகை இதற்கு அவ்வளவு உகந்ததல்ல. கட்டடங்களில் வெப்பம் தடுக்கப் பதிக்கும், மணியில்லாத, நெருக்கமான பாலிஸ்டைரீன் பலகையைத்தான் நிலவறை கட்டுகிறவர்கள் தேடுகிறார்கள். அரை அங்குலத் தடிமனில் ஒரு துண்டு வெட்டி, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி அங்குலத்துக்கு ஒரு கோடு இழுக்கிறார்கள். 1 அங்குலக் கட்டம் ஆட்டத்தில் 5 அடி. பிறகு சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே அழுத்தி உருட்டுகிறார்கள். வழவழப்பான பரப்பில் குழியும் கீறலும் விழ, கட்டங்கள் கல் தளமாகிவிடுகின்றன. அடுத்து, கறுப்புச் சாயத்தில் பசையைக் கலந்து ஒரு பூச்சு. கனடாவிலிருந்து வரும் ‘பிளாக் மேஜிக் கிராஃப்ட்’ காணொளிகள் இந்தக் கலவையைப் பரவலாக்கின. கறுப்பு இடுக்குகளில் இறங்கி நிழலாகிறது, பசை காய்ந்து தோலாகிறது. ஸ்பிரே டப்பாவை அவசரப்பட்டு எடுத்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையை அரித்துவிடும். முதலில் இந்தத் தோல் வேண்டும். கடைசியாக, தூரிகையில் தொட்ட சாம்பல் நிறத்தைத் தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈரத்தை மேலாகத் தேய்த்தால் மேடுகள் மட்டும் வெளுக்கும். ஐஸ் குச்சி கதவாகும், காயவைத்த தேயிலைச் சக்கை உதிர்ந்த இலையாகும்.

தோற்றத்தில் இவ்வளவு தூரம் வந்த பிறகும், வெல்ஸ் முட்டிக்கொண்ட அதே இடத்தில் இவர்களும் முட்டிக்கொண்டார்கள். நிலவறை என்பது உள்ளே நடக்கும் ஆட்டம். வெல்ஸைப் போல் அறையை அடைத்துவிட முடியாது. முழு உயரத்துக்குச் சுவர் எழுப்பினால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே இருக்கும் பொம்மை தெரியாது, விரலும் நுழையாது. டிஎம் ஸ்காட்டி என்ற பெயரில் காணொளி வெளியிடும் அமெரிக்கர் பரப்பிய இரண்டரைப் பரிமாண முறை இதற்குப் பதில். நெளியட்டையில் தளம், ஓரத்தில் கணுக்கால் உயரத்துக்கு மட்டும் சுவர், சூட்டுப் பசையால் ஒட்டியது. சுவர் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வெல்ஸ் வீட்டின் உட்பகுதியை நிரப்பினார், இவர் சுவரின் மேல்பகுதியை வெட்டி எறிந்தார். நுரைக் கோட்டைகளின் அழகை மறுக்கவில்லை; ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த அட்டைத் தளத்தைத்தான் பரிந்துரைப்பேன். ஆட்டத்தைப் புரிந்துகொண்டு செய்த பொருள் அது.

மலிவு என்ற விஷயத்தில் இரண்டு காலமும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. கலைக்களஞ்சியம் விலை குறைந்த பொருளல்ல, ஆனால் அதற்காக வெல்ஸ் புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் மலை அலமாரிக்குத் திரும்பியது. அடுத்த முறை அதே புத்தகங்கள் வேறொரு நாடாகும். நுரைத் தளத்தின் மூலப்பொருள் சொற்பக் காசுதான். ஆனால் சாயம் பூசிய கோட்டை கோட்டையாகவே இருக்கும், அதை மறுபடி பிரிக்க முடியாது. பெட்டி பெட்டியாகச் சேர்ந்து இடத்தை அடைக்கும். சூட்டுக் கம்பி வெட்டி, பதிய வைக்கும் உருளைகள் என்று கருவிகளும் ஒவ்வொன்றாக வந்து சேரும். செலவைக் கணக்கிடும்போது இந்த அலமாரி இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

எடையை விட்டொழித்ததற்கும் விலை உண்டு. சட்டைக் கை உரசினால் போதும், நுரைத் தளம் நகர்ந்து, மேலிருக்கும் பொம்மைகள் கட்டம் மாறிவிடும். அதனால் தளத்துக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுகிறார்கள். நிற்கும் தூண்களின் அடியைக் குடைந்து இரும்பு வாஷரையோ கூழாங்கல்லையோ ஒட்டுகிறார்கள். தளத்தைச் சுற்றிச் சாக்கட்டிக் கோடு போடுகிறவர்களை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.