ஜெர்மன் அகராதி ஆப்: அர்த்தம் மட்டும் பார்த்தால் போதுமா? இந்த 3 விஷயங்களை கவனிங்க!

ஜெர்மன் கற்பவர்கள் பலரின் செல்போனில் லியோ, டிக்ட்.சிசி போன்ற அகராதி ஆப் இருக்கும். ஆனால், அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் சிக்கல்தான்.

1. பாலையும் பாருங்க: தமிழில் ஏரி, கடல் எல்லாமே அஃறிணை. ஜெர்மனில் பொருட்களுக்கும் பால் உண்டு. ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', இரண்டிலும் சேராததற்கு 'டாஸ்'. 'டேர் ஸே' என்றால் ஏரி. 'டீ ஸே' என்றால் கடல். ஒரே சொல்தான், பால் மாறினால் அர்த்தமே மாறிடும்.

2. வாக்கியத்தின் கடைசியைப் பாருங்க: சில வினைச்சொற்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு கடைசிக்குப் போய்விடும். 'ஹோர் அவுஃப்' என்று ஒருவர் சொன்னால், 'ஹோரன்' என்று மட்டும் தேடினால் 'கேட்பது' என்று வரும். 'அவுஃப்ஹோரன்' என்று சேர்த்துத் தேடினால்தான் 'நிறுத்துவது' என்ற சரியான அர்த்தம் கிடைக்கும்.

3. ஆங்கிலத்தை வைத்து ஊகிக்காதீங்க: பாட்டிலில் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தால் பரிசு இல்லை, விஷம்! அதேபோல் 'பெகோமன்' என்றால் 'ஆவது' அல்ல, 'பெறுவது'.

புதிய சொல்லைக் குறித்து வைக்கும்போது டேர், டீ, டாஸையும் பன்மையையும் சேர்த்தே எழுதுங்க. பிறகு தனியாக மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.