நற்பெயரும் தகுந்த அறிவும்: இலங்கையிற் சட்டம் பயில்வோருக்கு ஏற்பட்ட விதிகளின் வரலாறு

மன்னார்த் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்திலே, நானாட்டான் பகுதியில், நறுவிலிக்குளம் என்னும் ஊர் உளது. மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கிய இவ்வூர், கடலுக்கு அதிகத் தொலைவில்லாத வயலூர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களுக்குச் சட்டம் எவ்வடிவில் வந்து சேருகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சட்டசபை விவாதங்களாகவோ பெரு நூல்களாகவோ அது வருவதில்லை. ஒரு காணி உறுதியாக வருகின்றது. தந்தை மகளுக்குச் சீதனமாக எழுதும் வயல், உடன்பிறந்தார் பங்கிட்டுக்கொள்ளும் வளவு, எல்லை வேலி பற்றிய பிணக்கு ஆகிய இவையே கிராமத்தான் காணும் சட்டம்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டம், காணியைக் கைமாற்றும் எந்த உறுதியும் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு நிறைவேற்றப்படல் வேண்டும் என்று விதித்தது. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுச் சட்டமோ, எழுத்தறியாதவர்க்கு அவ்வுறுதியை வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை என்றது. ஆயினும், வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருக்கும் உழவன், அது சரியாக எழுதப்பட்டதா என்பதை எவ்வாறு அறிவான்? பானை வாங்குபவன் தட்டிப் பார்த்து வாங்குகின்றான். மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். சட்டம் அறிந்தவனின் அறிவைத் தட்டிப் பார்க்கச் சட்டம் அறியாதவனால் இயலாது. ஆதலின், அவன் பொருட்டு வேறொருவர் முன்னரே சோதித்துப் பார்த்தல் வேண்டும். சட்ட மாணாக்கர்க்கென ஏற்பட்ட விதிகள் யாவும் இந்த ஒரு தேவையினின்று பிறந்தனவே. அவ்விதிகள் இந்நாட்டில் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மாறின என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முற்காலத்தில் இத்தேவை இருந்ததில்லை. சட்டம் என்பது ஊர் வழக்கமாக இருந்த நாளில், அதனை அறிந்தோர் ஊர்ப் பெரியோரே. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707 ஆம் ஆண்டில் தேசவழமையைத் தொகுத்தபோது, அதனைத் தமிழிற் பெயர்த்துப் பன்னிரு முதலிமாரிடம் காட்டி, அவர்கள் சரியென்று ஒப்பிய பின்னரே நூல் நிலைபெற்றது. இங்கே ஒரு நுட்பம் உளது. சட்டத்தைத் தொகுத்தவர் அந்நியர். அது சரியா என்று சோதித்தவர்கள் அச்சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள். மன்னாரும் அக்காலத்தில் யாழ்ப்பாணப் பட்டண நிருவாகத்துக்கு உட்பட்டே இருந்தது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் ஆங்கிலேயரும் தேசவழமைக்கு முழு வலு அளித்தனர்.

ஆனால், ஒல்லாந்தரோடு வந்த மற்றொரு சட்டமும் நாட்டில் வேரூன்றிற்று. உரோம-ஒல்லாந்தச் சட்டம் எனப்படும் அது, குரோஷியஸ், வூட் முதலிய ஐரோப்பிய அறிஞர் இலத்தீனிலும் ஒல்லாந்த மொழியிலும் எழுதிய நூல்களில் அடங்கியிருந்தது. அதன்மேல் ஆங்கிலச் சட்டமும் வந்து சேர்ந்தது. கண்டிச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம் ஆகியனவும் தத்தம் நிலையில் நின்றன. பிற நாட்டு மாணாக்கன் ஒரு சட்டத்தைக் கற்றால் அமையும். இலங்கை மாணாக்கனோ ஐவகைச் சட்டங்களை அறிந்தாக வேண்டியவனாயினான். ஊர்ப் பெரியோரின் நினைவு இதற்குப் போதாது. ஆகவே, சட்டம் பயின்றோர் என்னும் தனி வகுப்பு இன்றியமையாததாயிற்று.

ஆங்கில முதல் ஆள்பதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்க்கும் பொருட்டு அரிப்புக் கரையிலே கட்டிய மாளிகையின் இடிபாடுகள், மன்னார்க் கரையிற் பயணஞ் செய்வோர் அறிந்தவை. அவர் ஆட்சிக் காலத்திலேதான், 1801 ஆம் ஆண்டின் அரச பட்டயத்தினால் இலங்கையில் உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. 1833 ஆம் ஆண்டிலே மற்றொரு பட்டயம் வந்தது. நற்பெயர் உடையோராய், நீதியரசர் ஒருவரோ பலரோ நடத்தும் தேர்வில் தகுந்த அறிவும் திறனும் உடையோராகக் காணப்படுவோரை அப்புக்காத்துமாராகவும் பிறக்கிராசிமாராகவும் ஏற்றுக்கொள்ளலாம் என உயர் நீதிமன்றத்துக்கு அப்பட்டயம் அதிகாரம் அளித்தது.

இவ்விதியின் சிறப்பை ஓர் ஒப்புமையால் அறியலாம். இங்கிலாந்திலே ‘பாரிஸ்டர்’ பட்டத்துக்குத் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது 1872 ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு முன், இலண்டன் சட்டச் சங்கங்களில் உரிய தவணைகளுக்கு உறுப்பினராயிருந்து, அவற்றின் விருந்து மண்டபத்தில் உணவருந்தி வந்தவர், தேர்வெழுதாமலே அப்பட்டம் பெறுதல் இயல்வதாயிருந்தது. ஆளும் நாடு தன் வழக்கறிஞரிடம் கட்டாயமாகக் கேளாத தேர்வை, ஆளப்பட்ட நாட்டிலே ஏறத்தாழ நாற்பதாண்டு முன்னரே எழுத்திற் கேட்டது. எனினும், அத்தேர்வுக்கு உரிய பாடத்திட்டமோ கல்லூரியோ அன்று இல்லை. கற்க விரும்பியவன் வழக்கறிஞர் ஒருவரிடம் மாணாக்கனாக அமர்ந்து, பத்திரங்களைப் படியெடுத்தும் நீதிமன்றத்திற்குப் பின்தொடர்ந்தும் தொழிலைக் கற்றான். சேர். பொன்னம்பலம் இராமநாதன், சேர். றிச்சட் மோர்கனிடம் சட்டம் பயின்றமை இம்முறைக்கு உயர்ந்த எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்து முத்துக்கிருஷ்ணா, தேசவழமையை நீதிமன்றத் தீர்ப்புகளோடு சேர்த்து 1862 ஆம் ஆண்டில் வெளியிட்டதும் அக்காலத்தேயாம். கல்லூரி இல்லாத நாளில் அத்தகைய தொகுப்பே மாணாக்கர்க்கு ஆசானாயிற்று.

ஆனால், குருகுலம் போன்ற இம்முறையில் ஒரு குறை மறைந்து கிடந்தது. பட்டயம் கேட்டவை இரண்டே: ஒழுக்கம், அறிவு. நடைமுறையோ மூன்றாவதாக ஒன்றையும் கேட்டது. பெரிய வழக்கறிஞரை அணுகத் தக்க குடும்பத் தொடர்பும், ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி இருக்கத் தக்க செல்வமும், ஆங்கிலக் கல்வியும் இல்லாதவன் அவ்வாயிலிற் புகுதல் அரிது. சேர். முத்துக் குமாரசுவாமி 1863 ஆம் ஆண்டில் இலண்டன் லிங்கன்ஸ் இன் சங்கத்திற் பாரிஸ்டராக ஏற்கப்பட்டது தமிழர் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சி. கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர்க்கு அக்கதவு திறந்தது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் மன்னார்ப் பெருநிலத்து உழவன் மகன் ஒருவனுக்கு அக்கதவு இருப்பதே தெரிந்திராது. எழுதப்பட்ட விதிகள் இரண்டு. எழுதப்படாத விதி ஒன்று. இந்நாட்டுச் சட்டக் கல்வியின் பிற்கால வரலாறு, அவ்வெழுதப்படாத விதியைப் படிப்படியாக அகற்ற முயன்ற வரலாறே என்று கூறல் தகும்.

அம்முயற்சியின் முதற்படி 1874 ஆம் ஆண்டில் எடுத்து வைக்கப்பட்டது. அவ்வாண்டிலே சட்டக் கல்விச் சபை அமைக்கப்பட்டது; இலங்கைச் சட்டக் கல்லூரியின் தோற்றமும் அவ்வாண்டையே சாரும். சென்னையிற் சட்டக் கல்லூரி நிறுவப்பட்டது 1891 ஆம் ஆண்டிலே என்பதை நோக்க, நம் கல்லூரியின் முதுமை விளங்கும். 1900 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் அச்சபையைக் கூட்டுத்தாபனமாக்கிற்று. கொழும்பிலே மக்கள் புதுக்கடை என வழங்கும் ஹல்ஸ்டோர்ப் பகுதியில், நீதிமன்றங்களுக்கு அணித்தாக அக்கல்லூரி நிலைபெற்றது. 1656 ஆம் ஆண்டில் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பாரின் பெயரே அவ்விடத்துக்கு வழங்குகின்றது. இதனால் விளைந்த நன்மை யாதெனின், சோதிப்பவர் தனி மனிதர் என்ற நிலை மாறி, சோதிப்பது ஒரு சபை என்ற நிலை வந்ததாகும். யாருடைய மகன் என்பதை விடைத்தாள் சொல்லாது. தொடக்கநிலை, இடைநிலை, இறுதிநிலை எனப் படிவகுத்த தேர்வுமுறை பின்னர் அக்கல்லூரியில் நிலைத்தது. 1947 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை தோன்றிற்று. அதிற் பேராசிரியராயிருந்த தம்பையா நடராஜா, இலங்கையின் சட்ட முறைமையை அதன் வரலாற்றுப் பின்னணியில் ஆராய்ந்து எழுதிய நூல் 1972 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கல்லூரி தொழிலைக் கற்பித்தது. பல்கலைக்கழகம் தொழிலின் வேர்களை ஆராயக் கற்பித்தது. இன்று கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிற் சட்டம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது.

இரண்டாம் படி, தொழிலின் இரு தட்டுகளை ஒன்றாக்கியது. மன்றில் நின்று வாதிடுவோர் அப்புக்காத்துமார் எனவும், கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்களை ஆயத்தஞ் செய்வோர் பிறக்கிராசிமார் எனவும் பிரிவு இருந்தது. இவர்க்கு வேறு கல்வி, அவர்க்கு வேறு கல்வி, மதிப்பும் வேறு. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால், 1974 ஆம் ஆண்டு தொடக்கம் இரு வகுப்பாரும் சட்டத்தரணிகள் என்னும் ஒரே பெயரைப் பெற்றனர். அச்சட்டத்தின் இடத்தில் 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் வந்தது. அதன் 40 ஆம் பிரிவை வாசிப்போர் வியப்புறுவர். நற்பெயரும் தகுந்த அறிவும் திறனும் உடையோரை உயர் நீதிமன்றம் சட்டத்தரணிகளாக ஏற்றுக்கொள்ளலாம் என்பதே அப்பிரிவு. பட்டயம் போய்ச் சட்டம் வந்தது. முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. அச்சொற்கள் மட்டும் 1833 ஆம் ஆண்டில் இருந்தவாறே நின்றன.

மூன்றாம் படி மொழி பற்றியது. அதுவே மிகக் கடினமானது. நீண்ட காலம் ஆங்கிலமே சட்டக் கல்வியின் மொழியாயிருந்தது. பின்னர்ச் சிங்களத்திலும் தமிழிலும் தேர்வெழுத வழி பிறந்தது. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான விதிகள், சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும் என்றன. நெடிய விவாதத்தின் பின், 2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடாளுமன்றம் அவ்விதிகளை நிராகரித்தது.

இவ்விவாதத்தில் இரு பக்கத்தாரிடமும் நியாயம் உண்டு. முற்காலத் தீர்ப்புகளின் பெருந்தொகுதி ஆங்கிலத்திலே உளது. அதனைப் படிக்க இயலாதவன் அரைச் சட்டமே அறிந்தவனாவான் என்பது ஒரு பக்கம். மன்னார் நீதிமன்றில் நிற்கும் கட்சிக்காரன் தமிழிலே பேசுகின்றான், அவனுடைய உறுதி தமிழிலே எழுதப்படுகின்றது, வடக்கிலும் கிழக்கிலும் தமிழும் நீதிமன்ற மொழி என அரசியலமைப்பே கூறுகின்றது என்பது மறு பக்கம். ஆங்கில அறிவு தகுந்த அறிவின் ஒரு பகுதி என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், அதனைக் கல்லூரிக்குள்ளே ஊட்டுவது வேறு; கல்லூரி வாயிலிலே தடையாக வைப்பது வேறு. முன்னது தரத்தை உயர்த்தும். பின்னது, நல்ல ஆங்கில ஆசிரியர் கிடையாத ஊர்களின் பிள்ளைகளை அவர்கள் தவறின்றியே தள்ளிவிடும். எழுதப்படாத மூன்றாம் விதி புதிய உடையுடுத்து மீண்டும் வருவதாகவே அது முடியும்.

இவ்வாறு கூறுவதால், தரத்தைத் தளர்த்துதல் வேண்டும் என்று எவரும் கொள்ளற்க. வாயிலை அகலமாக்குதல் ஒன்று. படியைத் தாழ்த்துதல் பிறிதொன்று. தரம் தாழ்ந்தால் இழப்பு யாருக்கு? செல்வந்தன் தக்க சட்டத்தரணியைத் தேடிக் கண்டுகொள்வான். இழப்பு, அருகில் இருப்பவரை நம்பிச் செல்லும் ஏழைக்கே. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி எதிருரிமையோடு ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களுக்கு இவ்விதி எத்துணைக் கொடியது! அதனை உணர்ந்தே, 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலத்தில் உரிமையை நாட இயலாதிருந்தோர்க்கு விலக்களிக்கும் தனிச்சட்டம் 2016 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்விலக்கும் குறுகிய கால எல்லைக்குட்பட்டதே. இதனை அறிந்த சட்டத்தரணியை அடைந்தவன் தன் காணிக்காக வாதிட முடிந்தது. அறியாதவரை அடைந்தவனுக்கு நாட்கள் வீணே கழிந்திருக்கும். ‘தகுந்த அறிவு’ என்னும் இரு சொற்களின் விலை ஒரு குடும்பத்தின் வயலாகும்.

இனி ‘நற்பெயர்’ என்பதைச் சிறிது நோக்குவோம். அறிவைத் தேர்வினால் அளக்கலாம். ஒழுக்கத்தை அளக்கும் கோல் யாது? இதற்காகவே, தேர்விற் சித்தியெய்தியவரும் உடனே தொழில் செய்தல் ஆகாது என்று விதி உளது. குறைந்தது எட்டாண்டு அனுபவமுடைய சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிற்சி பெறுதல் வேண்டும். பழைய குருகுல முறையின் நல்ல பகுதி இவ்வாறு காக்கப்பட்டுள்ளது. அதன்பின் நற்சான்று காட்டி, உயர் நீதிமன்றின் முன் உறுதிமொழி எடுத்தல் வேண்டும். சட்டத்தரணிகளின் நடத்தை பற்றிய உயர் நீதிமன்ற விதிகள் 1988 ஆம் ஆண்டில் வெளியாயின. வஞ்சகமோ முறைகேடோ குற்றமோ செய்தவரைத் தொழிலினின்று நீக்கும் அதிகாரமும் அந்நீதிமன்றுக்கே உரியது. தேர்வு மண்டபத்திலே அயலான் தாளைப் பார்த்தெழுதும் மாணாக்கன், மதிப்பெண்ணை மட்டும் களவாடுகின்றான் அல்லன். பின்னொரு நாள் எழுத்தறியா முதியவள் ஒருத்தி தன் கைந்நாட்டை இடும்போது வைக்கப்போகும் நம்பிக்கையையே அவன் முன்கூட்டிக் களவாடுகின்றான். கல்லூரி ஒழுங்கு விதிகள் கடுமையாயிருத்தற்குக் காரணம் இதுவே.

1707 ஆம் ஆண்டிலே, சட்டத்தைச் சோதித்தவர்கள் அதன் கீழ் வாழ்ந்த மக்களின் முதலிமார். இன்று சட்டம் கற்றவனைச் சோதிப்பவை சபையும் கல்லூரியும் நீதிமன்றும். சோதனை மக்கள் கையினின்று நெடுந்தூரம் சென்றுவிட்டது. அத்தூரத்தைக் குறைக்க வழி ஒன்றே: நறுவிலிக்குளம் போன்ற ஊர்களிலிருந்து, தரத்தில் ஓர் இம்மியும் தாழாத மாணாக்கர் அவ்வாயிலினுள் மேன்மேலும் புகுதல் வேண்டும். அவர்க்கு விதிகள் பகையல்ல. செல்வத்தையும் குலத்தையும் கேளாது, நற்பெயரையும் தகுந்த அறிவையும் மட்டுமே கேட்கும் விதியைப் போல எளியவனுக்கு உற்ற துணை வேறில்லை.