84 சென்டிமீட்டர் கார்: பெர்டோனே காட்டிய டெமோ

1970 டூரின் மோட்டார் ஷோவில் பெர்டோனே நிறுவனம் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. உயரம் வெறும் 84 செ.மீ. நம்ம வீட்டு டைனிங் டேபிளை விட அரை ஜாண் கூட அதிகமில்லை. பக்கவாட்டில் கதவே கிடையாது. முன்கண்ணாடியை மேலே தூக்கி, மூக்கின் மீது கால் வைத்து ஏறி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெயர் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஜீரோ.

இதை யார் வாங்குவாங்க? யாரும் வாங்க முடியாது. ஏன்னா இது விற்கச் செய்த கார் இல்லை. அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு? அதைப் புரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

அந்தக் காலத்துக் கார் இரண்டு தனித்தனிப் பகுதிகளாக இருந்தது. கீழே சேஸிஸ், இன்ஜின், சக்கரம், மேலே பாடி. நம்ம ஊரில் லாரி, பஸ் சேஸிஸை வாங்கி பாடி கட்டக் கொடுக்கிறோமே, அதே கதைதான். இத்தாலியில் அப்படி பாடி கட்டும் பட்டறைக்கு 'கரோஸேரியா' என்று பெயர். ஜொவான்னி பெர்டோனே டூரினில் பட்டறை திறந்தது 1912-இல். பிறகு மிலானில் ஸகாட்டோ, டூரிங், டூரினில் பினின்ஃபரினா என்று வரிசையாக வந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வந்த ஆபத்து மோனோகாக். பாடியே சேஸிஸ் வேலையையும் செய்துவிடும். ஒரே கூடு, தனியாகக் கழற்ற முடியாது. இந்த வழியில் முதலில் போன கார்களில் ஒன்று லான்சியா லாம்ப்டா, 1922. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் இதற்கு மாற, பட்டறைகளுக்கு வேலை குறைந்தது. பிழைக்க இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பெரிய கம்பெனிகளுக்கு டிசைன் செய்து கொடுப்பது. இன்னொன்று, அவர்களுடைய சிறிய எண்ணிக்கை மாடல்களைத் தங்கள் ஆலையிலேயே தயாரித்துக் கொடுப்பது. இரண்டுக்கும் ஆர்டர் பிடிக்கணும். ஆர்டர் பிடிக்க டெமோ வேணும். சாஃப்ட்வேர்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

பெர்டோனேவுக்கு அந்த டெமோக்களை வரைந்தவர் மார்செல்லோ கந்தீனி. 1938-இல் டூரினில் பிறந்தவர். 1965-இல் ஜியுஜாரோ வெளியேறிய பிறகு அந்த இடத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே ஜெனீவாவில் லம்போர்கினி மியூரா. 1968 பாரிஸ் ஷோவில் ஆல்ஃபா ரோமியோ 33 சேஸிஸ் மீது கராபோ என்ற கார். முழுக்க ஆப்பு வடிவம், மேல்நோக்கித் திறக்கும் கத்தரிக் கதவு. அந்தக் கதவுதான் 1971-இல் கவுன்டாச்சில் வந்து உலகப் புகழ் பெற்றது.

இப்ப ஜீரோவுக்கு வருவோம். லான்சியா அப்போது பினின்ஃபரினாவோடு நெருக்கமாக இருந்த கம்பெனி. பெர்டோனேவுக்கு அங்கே நுழைய ஆசை. கந்தீனி லான்சியா ஃபுல்வியாவின் 1.6 லிட்டர் வி4 இன்ஜினைப் பின்பக்கம் வைத்து இந்த ஆப்பைக் கட்டினார். நூச்சோ பெர்டோனே தானே இதை ஓட்டிக்கொண்டு லான்சியா அலுவலகத்துக்குப் போனதாகவும், வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்காமலே கார் அடியில் நுழைந்ததாகவும் சொல்வார்கள். டெமோ வேலை செய்தது. லான்சியாவின் ராலி அணிக்கு ஃபுல்வியாவுக்கு மாற்று தேவைப்பட்டது. ஃபெராரி டீனோவின் வி6 இன்ஜினோடு, ஓட்டக்கூடிய வடிவத்தில் ஸ்ட்ராட்டோஸ் ஹெச்எஃப் பிறந்தது. 1974, 75, 76 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலக ராலி சாம்பியன் பட்டம்.

ஜீரோவுக்கும் ஹெச்எஃப்புக்கும் பொதுவான பாகம்னு பார்த்தா ஏறக்குறைய எதுவுமில்லை. ஜீரோ கொடுத்தது நம்பிக்கையை மட்டும்தான். கான்செப்ட் கார் என்பதன் உண்மையான பயன் இதுதான்னு எனக்குத் தோணுது.

ஆனா டெமோவால் பிழைக்கிற தொழிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. வாடிக்கையாளர் அந்த வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொண்டால் முடிஞ்சுது. கார் கம்பெனிகள் சொந்த டிசைன் ஸ்டுடியோக்களை வளர்த்தன. சிறிய எண்ணிக்கை மாடல்களையும் சொந்த ஆலையிலேயே செய்யத் தொடங்கின. 1997-இல் நூச்சோ இறந்தார். 2009-இல் குருல்யாஸ்கோ ஆலை ஃபியட் கைக்குப் போனது. 2014-இல் மிச்சமிருந்த டிசைன் நிறுவனமும் திவால்.

இடையில், 2011-இல், பணத்தேவைக்காக ஆறு கான்செப்ட் கார்கள் ஏலத்துக்குப் போயின. ஜீரோ போனது 7,61,600 யூரோவுக்கு. மீதிச் சேகரிப்பை 2015-இல் இத்தாலியப் பழங்கார்ச் சங்கமான ஏஎஸ்ஐ மொத்தமாக, ஒரே லாட்டாக வாங்கியது. இப்போது மிலான் மால்பென்சா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வொலாந்தியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வரிசையில் ஜீரோ இல்லை. நாலு வருஷம் முன்னாடியே தனியார் கைக்குப் போய்விட்டது. பெர்டோனேவுக்கு லான்சியாவின் கதவைத் திறந்துவிட்ட அதே கார்.