சுவடியும் மூலக்கோப்பும்

சுவடி கிடைத்தும் அதன் எழுத்தை அறிவார் இல்லையேல், நூல் கிடைத்ததாகாது. ஒளிப்படத்துக்கும் இந்நிலை உண்டு.

பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றி, மின்னணுச் சில்லுத் தொழில் வேரூன்றிற்று. உலகெங்கும் வளர்ந்த அத்தொழிலே பின்னர்க் கையடக்க எண்முறை ஒளிப்படக் கருவியைத் தந்தது. அக்கருவியின் ஒளியுணர் சில்லு பதிந்ததை அவ்வாறே காப்பது மூலக்கோப்பு.

ஆயின், நிறுவனந்தோறும் அதன் அமைப்பு வேறு. அதனை அறியாத மென்பொருளில் படம் திறவாது. 1997இல் டேவ் காஃபின் என்பார் பல்வகை மூலக்கோப்புகளைப் படிக்கும் 'டிசிரா' மென்பொருளை இயற்றினார். 2004இல் அடோபி நிறுவனம் 'டிஎன்ஜி' என்னும் பொதுவடிவை வெளியிட்டது. எல்லாரும் அதனை ஏற்றிலர்.

ஆதலின், மூலக்கோப்பைக் காப்போர் பொதுவடிவில் ஒரு படியும் எடுத்து வைத்தல் வேண்டும். சுவடியைப் படியெடுத்த முன்னோர் காட்டிய நெறியும் இதுவேயன்றோ!