கம்பத்துச் சோறு

சரித்திரம் என்றால் கோட்டையும் கொத்தளமும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். கம்பத்தில் அந்த எண்ணம் மாறிற்று.

மலையடிவாரத்துச் சிறு நகரம் அது. சுற்றிலும் இருபோக நெல், தென்னை, திராட்சைப் பந்தல். நான் தங்கிய குடியானவர் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் படம்.

"யார் ஐயா இவர்?"

"எங்களுக்குச் சோறு போட்டவருங்க, பென்னிகுவிக்!"

1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டிய பின், 1887-இல் வேலை ஆரம்பமாயிற்று. மேற்கே ஓடிய பெரியாற்றை அணையிட்டு மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் கிழக்கே தண்ணீரைத் திருப்பினார் அவர். காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலியாட்கள் எத்தனையோ பேர்.

படத்தை நானும் வணங்கினேன். ஆனால் இலையில் சோறு விழுந்தபோது, படமில்லாத அந்தக் கூலிகளின் நினைவே வந்தது.