கனவான் ஜிப்ஸி

இங்கிலாந்தில் குடும்பத்தோடு ஊர் சுற்ற, படுக்கையும் அடுப்பும் அமைந்த வீட்டு வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. இந்த உல்லாசத்துக்கு முன்னோடி, என்னைப் போல் கதை எழுதிய ஒருவர்தான்! கப்பற்படை வைத்தியராக இருந்த கார்டன் ஸ்டேபிள்ஸ், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டலில் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்வித்தார். எடை சுமார் இரண்டு டன். இழுக்க இரண்டு குதிரைகள். பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே சென்று, எதிரே வருவோரை எச்சரிப்பான். 1907-ல் இப்பிரயாணிகளுக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது.

ஸ்டேபிள்ஸ் தம்மைக் 'கனவான் ஜிப்ஸி' என்று சொல்லிக்கொண்டார். அசல் ஜிப்ஸிகளையோ ஊர் ஊராக விரட்டினார்கள். அவர்கள் தங்க ஸ்தல ஸ்தாபனங்கள் இடம் ஒதுக்க வேண்டுமென்று 1968-ல் சட்டம் வந்தது; 1994-ல் அந்தக் கடமையை நீக்கிவிட்டார்கள். நாலு நாளில் திருப்பித் தரும் வண்டிக்கு நிற்க இடம் இருக்கிறது. வண்டியைத் தவிர வேறு வீடில்லாதவன்தான் இடம் தேடி அலைகிறான்.