தொழுநோயும் ஒரு சொல் சுமந்த பழியும்

நோயுற்றவனை உயிருடன் இருக்கும்போதே ஊருக்குப் புறம்பாக்கிய பிணிகளுள் தலையாயது தொழுநோய். இப்பழியின் வேரைத் தேடுவோர் பெரும்பாலும் விவிலியப் பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்தைச் சுட்டுவர். அந்நூலின் 13, 14ஆம் அதிகாரங்களை ஊன்றிப் படிப்போர்க்கோ வியப்பே மேலிடும்.

ஆங்கு நோயைத் துணிபவன் மருத்துவன் அல்லன், ஆசாரியன். தோலில் தோன்றிய தழும்பையும் அதில் முளைத்த மயிரின் நிறத்தையும் அவன் நோக்குகிறான். ஐயம் இருப்பின் ஏழு நாள் அடைத்துவைத்து மீண்டும் நோக்குகிறான். தீட்டுடையவன் எனத் தீர்ப்புப் பெற்றவன் கிழிந்த ஆடையுடன், மேலுதட்டை மூடிக்கொண்டு, தன் தீட்டைத் தானே கூவி அறிவித்தவாறு பாளையத்துக்கு வெளியே தனித்து வாழ்தல் வேண்டும். ஆனால், உடல் முழுவதுமே வெளுத்துவிட்டால் அவன் தூயவனாம்! அதுமட்டுமன்று, ஆட்டுமயிர் ஆடையிலும், தோற்பொருளிலும், வீட்டுச் சுவரிலும்கூட அந்நோய் பச்சையாகவோ சிவப்பாகவோ படரும் என்கிறது நூல். தொழுநோய் சுவரைப் பற்றுமோ? உணர்ச்சி மரத்தல், விரல் குறைதல் ஆகிய உண்மை அறிகுறிகளுள் ஒன்றேனும் அங்குக் கூறப்படவில்லை.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'சாராஅத்'. அது பல்வகைத் தோற்கேடுகளையும் பூஞ்சணத்தையும் தழுவிய வழிபாட்டுத் தீட்டின் பெயர். கிரேக்கத்தில் பெயர்த்தோர் அதனை 'லெப்ரா' என்றனர். செதில் உதிரும் தோல்நோய் என்பதே அதன் பொருள். நாம் இன்று தொழுநோய் என்பதைக் கிரேக்க மருத்துவர் வேறு பெயரால் வழங்கினர். பிற்காலத்தில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் ஆக்கியோர் அந்நோய்க்கும் 'லெப்ரா' என்றே பெயரிட, தீட்டின் பழி முழுவதும் அதன்மேல் ஏறிற்று. 1179இல் கூடிய லாத்தரன் திருச்சங்கம் இந்நோயாளர்க்குத் தனிக் கோயிலும் தனி இடுகாடும் வகுத்தது.

இந்திய மரபு வேறு வழியில் அதே இடத்தை அடைந்தது. சுசுருத சங்கிதை குட்டத்தைப் பதினெட்டாக வகுத்தது. தொடுவுணர்ச்சி கெடுவதையும் கண்டு கூறியது. நீரடிமுத்து இனத்து எண்ணெயை மருந்தாக்கியது. அதே நூல் நோயைத் தீவினைப் பயன் என்றும் உரைத்தது. விவிலியத்தின் பழைய தமிழாக்கத்தில் 'சாராஅத்'துக்குக் 'குஷ்டம்' என்னும் சொல்லே ஆளப்பட்டது. எபிரேயர் தீட்டும் நம்மவர் தீவினையும் ஒரு சொல்லில் கூடியது இவ்வாறே.

1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். அதன் பின்னும் பிரித்துவைத்தல் ஓயவில்லை. நம் நாட்டுச் சுங்கை பூலோ குடியிருப்பு 1930இல் எழுந்ததே. 1940களில் டாப்சோன் மருந்து வந்து நோய் தீரத் தொடங்கியது. ஆயினும், இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் இந்நோயை மணவிலக்குக்கு உரிய காரணமாகவே கொண்டிருந்தது; அவ்விதி நீங்கியது 2019இல்தான்.

அண்மைக்கால ஆங்கில விவிலியங்கள் சில, மனிதர்க்கு வருவதைத் 'தோல் நோய்' என்றும் சுவரில் படர்வதைப் 'பூஞ்சணம்' என்றும் பிரித்தெழுதுகின்றன. நம் பழைய தமிழாக்கத்தில் சுவருக்கும் குஷ்டம்தான்.